அமெரிக்க அரசு ஊழியர்களுக்கான டிஸபிலிட்டி காப்பீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் மாநில அரசு, கவுண்ட்டி, நகராட்சி, பள்ளி மாவட்டம், அரசுப் பல்கலைக்கழகம், ஃபெடரல் துறை என ஏதாவது ஒரு பொதுத்துறை அமைப்பில் வேலை பார்க்கும் தமிழர்களுக்காக எழுதியது இது. தனியார் கம்பெனியில் இருக்கும் நண்பர் சொல்லும் யோசனையும், இணையத்தில் தேடினால் வரும் கட்டுரைகளும் உங்களுக்குப் பாதிதான் பொருந்தும். பொருந்தாத பாதி எது என்பதில்தான் பணம் போகிறது.

ஷார்ட் டேர்ம், லாங் டேர்ம் டிஸபிலிட்டி இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

இரண்டுமே நோய், விபத்து, பிரசவம் போன்ற காரணங்களால் வேலைக்குப் போக முடியாத காலத்தில் சம்பளத்தின் ஒரு பகுதியைத் தருபவை. ஆஸ்பத்திரி பில்லுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை.

ஷார்ட் டேர்ம் சீக்கிரம் தொடங்கி சீக்கிரம் முடியும். 7, 14 அல்லது 30 நாள் காத்திருப்பு. அதன்பின் மூன்று மாதம், ஆறு மாதம், சில இடங்களில் ஒரு வருடம். லாங் டேர்ம் 90 அல்லது 180 நாள் கழித்துத் தொடங்கும்; நீங்கள் நடுத்தர வயதிலோ அதற்கு முன்போ முடங்கிப்போனால் 65 வயது வரை, அல்லது சோஷியல் செக்யூரிட்டியின் முழு ஓய்வு வயது வரை வரக்கூடும். இரண்டிலும் 60 சதவீதம் என்பது சகஜமான அளவு. கூடவே மாத உச்சவரம்பு ஒன்று இருக்கும். சம்பளம் அதிகம் வாங்கும் டாக்டருக்கும் பேராசிரியருக்கும் அந்த உச்சவரம்புதான் கணக்கு, சதவீதம் அல்ல.

முதலில் பார்க்க வேண்டியது, ஒன்று முடியும் நாளும் மற்றொன்று தொடங்கும் நாளும் ஒட்டுகின்றனவா என்பதை. ஷார்ட் டேர்ம் 90 நாளில் நின்று, லாங் டேர்ம் 180-ஆம் நாள்தான் தொடங்கும் என்றால் நடுவில் மூன்று மாதம் வருமானமே இல்லை. இரண்டும் வெவ்வேறு கம்பெனி பாலிசிகளாக இருக்கும் அலுவலகங்களில் இந்த இடைவெளியை யாரும் உங்களுக்கு எடுத்துச் சொல்ல மாட்டார்கள்.

எனக்கு சிக் லீவ் நிறைய இருக்கிறது. ஷார்ட் டேர்ம் தேவையா?

பெரும்பாலும் தேவையில்லை. அரசு வேலையின் பெரிய சொத்தே சேர்ந்துகொண்டே போகும் சிக் லீவ்தான். ஃபெடரல் ஊழியருக்கு வருடத்துக்கு 13 நாள், சேர்வதற்கு உச்சவரம்பே இல்லை. மாநில, உள்ளூர் வேலைகளிலும் இதற்குப் பக்கமாகத்தான் இருக்கும். 900 மணி நேரம் சேர்த்து வைத்திருப்பவருக்கு அது 22 வாரத்துக்கும் மேலான முழுச் சம்பளம். சிக் லீவ் தீர்ந்த பிறகே பணம் தருவோம் என்று பாலிசியில் எழுதியிருந்தால், அவர் ஷார்ட் டேர்முக்குக் கட்டும் பிரீமியம் ஒருநாளும் திரும்பி வராது.

வேலையில் சேர்ந்து ஒன்றிரண்டு வருடமே ஆனவரின் நிலை நேர் எதிர். இருப்பில் இருபது நாள்தான் இருக்கிறது என்றால் ஒரு மாதத்தில் சம்பளம் நின்றுவிடும். அவருக்கு இரண்டும் வேண்டும். சிக் லீவ் வளர வளர ஷார்ட் டேர்மை விட்டுவிடலாம். லாங் டேர்மை எந்த நிலையிலும் விடக்கூடாது என்பது என் கருத்து. மூன்று மாத நோயைச் சேமிப்பை வைத்துச் சமாளித்துவிடலாம், பத்து வருட நோயை முடியாது.

இன்னொன்று: கலிஃபோர்னியாவின் கால்பெர்ஸ், அங்குள்ள ஆசிரியர்களுக்கான கால்ஸ்டர்ஸ், ஃபெடரல் ஊழியர்களின் ஃபெர்ஸ் போன்ற பென்ஷன் அமைப்புகளில் மீதமுள்ள சிக் லீவ் ஓய்வின்போது சர்வீஸாக, அதாவது பணிக்காலமாக, சேர்கிறது. அதனால் சிக் லீவைக் கரைக்காமல் ஷார்ட் டேர்மில் போக முடியுமா என்று கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. சில திட்டங்கள் விடும், சில விடாது.

மாநிலமே எல்லோருக்கும் டிஸபிலிட்டி பணம் தருகிறது என்கிறார்களே?

சில மாநிலங்களில் தருகிறது. ஆனால் அரசு ஊழியர் அதில் சேர்த்தியா என்பதுதான் கேள்வி.

கலிஃபோர்னியாவின் எஸ்.டி.ஐ. திட்டம் 1946 முதல் இருக்கிறது. தனியாரில் வேலை செய்யும் எல்லோருக்கும் சம்பளத்தில் பிடித்தம் உண்டு, நோய் வந்தால் 52 வாரம் வரை பணமும் உண்டு. பள்ளி மாவட்டம், நகராட்சி, கவுண்ட்டி ஊழியர்களோ பொதுவாக அதற்கு வெளியே. யூனியன் பேரம் பேசிச் சேர்த்திருந்தால் மட்டும் உள்ளே. உங்கள் சம்பளச் சீட்டில் எஸ்.டி.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். பிடித்தம் இல்லையென்றால் பணமும் இல்லை. நியூயார்க்கின் டிஸபிலிட்டி சட்டமும் அரசு அலுவலகங்களைக் கட்டாயப்படுத்துவதில்லை.

புதிதாக வந்த சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்புத் திட்டங்கள் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. வாஷிங்டன் மாநிலத்தில் மாநில, உள்ளூர் அரசு ஊழியர்களும் சேர்த்தி. மாசசூசெட்ஸில் மாநில ஊழியர் உள்ளே, நகராட்சி ஊழியர் அந்த நகரமே விரும்பிச் சேர்ந்தால்தான் உள்ளே. கொலராடோவில் உள்ளூர் அரசுகள் விலகிக்கொள்ளலாம் என்று சட்டமே சொல்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைத்தது உங்களுக்குக் கிடைக்காமல் போவது இதனால்தான்.

அலுவலகமே கொடுக்கும் திட்டங்கள் எப்படி இருக்கும்?

மூன்று உதாரணம் சொன்னால் வித்தியாசம் எவ்வளவு என்று தெரியும்.

வர்ஜீனியா மாநில ஊழியர்களுக்கு வி.எஸ்.டி.பி. என்ற திட்டம். ஏழு நாள் காத்திருப்புக்குப் பின் 125 வேலை நாட்கள் வரை ஷார்ட் டேர்ம். பணிக்காலத்தைப் பொறுத்து 100, 80, 60 சதவீதம் என்று படிப்படியாக இறங்கும். அதன்பின் லாங் டேர்ம் 60 சதவீதம். வேலைக்குத் தொடர்பில்லாத நோய்க்கு முதல் வருடத்தில் ஷார்ட் டேர்ம் கிடையாது.

வட கரோலினாவில் மாநில ஊழியர்களுக்கும் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கும் காத்திருப்பு 60 நாள். ஒரு வருட சர்வீஸ் இருந்தால் பிறகு 50 சதவீதம், மாதம் 3,000 டாலர் வரை. லாங் டேர்முக்கு ஐந்து வருட சர்வீஸ் வேண்டும்.

யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியாவில் அலுவலகமே இலவசமாகத் தரும் அடிப்படைத் திட்டம் சம்பளத்தில் 55 சதவீதம் என்றுதான் இருக்கும். ஆனால் உச்சவரம்பு மாதம் 800 டாலர். மாதம் 9,000 வாங்கும் ஆராய்ச்சியாளருக்கு 800 டாலர் வீட்டு வாடகைக்கே பற்றாது. 60 சதவீதம் வேண்டுமென்றால் விருப்பத் திட்டத்தில் சேர்ந்து நாமே பிரீமியம் கட்ட வேண்டும். “எங்களுக்கு டிஸபிலிட்டி ஃப்ரீயாவே இருக்கு” என்று நம்பி இருந்துவிடுபவர்கள் அந்த உச்சவரம்பைப் பார்க்காதவர்கள்.

என் சம்பளத்தில் சோஷியல் செக்யூரிட்டி வரி பிடிப்பதில்லை. இதனால் என்ன?

இந்தப் பக்கத்தில் ஒரு கேள்வியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

மாநில, உள்ளூர் அரசு ஊழியர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் சோஷியல் செக்யூரிட்டிக்கு வெளியே இருக்கிறார். கலிஃபோர்னியா, டெக்சாஸ், இல்லினாய், ஒஹையோ, மாசசூசெட்ஸ், லூசியானா மாநில ஆசிரியர்களில் பெரும்பாலோர் இப்படித்தான். தனியார் ஊழியருக்கு நீண்டகால முடக்கம் வந்தால் கடைசிப் பிடிமானமாக எஸ்.எஸ்.டி.ஐ. என்ற ஃபெடரல் உதவி இருக்கிறது. உங்களுக்கு அது இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

எஸ்.எஸ்.டி.ஐ. வாங்க, சோஷியல் செக்யூரிட்டி வரி கட்டி வேலை செய்ததற்குக் கிடைக்கும் கிரெடிட் என்ற புள்ளிகள் வேண்டும்; முப்பத்தொரு வயதைத் தாண்டியவருக்கு வயதைப் பொறுத்து 20 முதல் 40 வரை. அதில் 20 கிரெடிட் முடங்குவதற்கு முந்தைய பத்து வருடத்துக்குள் சேர்ந்ததாக இருக்க வேண்டும். வருடத்துக்கு அதிகபட்சம் நான்கு கிரெடிட்தான் கிடைக்கும். ஐ.டி. கம்பெனியில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு டெக்சாஸில் கணித ஆசிரியராகப் போகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஓய்வூதியத்துக்கான 40 கிரெடிட் அவரிடம் பத்திரமாக இருக்கிறது, அது எங்கும் போகாது. ஆனால் ஆசிரியராகி ஐந்து வருடம் ஆனதும் கடைசிப் பத்து வருடத்தில் இருபது கிரெடிட் என்ற கணக்கு உடைந்துவிடும். அன்றிலிருந்து எஸ்.எஸ்.டி.ஐ. உரிமை இல்லை. யாரும் கடிதம் போட்டுச் சொல்வதில்லை.

அதற்குப் பதிலாக பென்ஷன் அமைப்பு தரும் டிஸபிலிட்டி ஓய்வூதியம் உண்டு. அதற்குப் பொதுவாக குறைந்தபட்ச சர்வீஸ் கேட்பார்கள். கால்ஸ்டர்ஸிலும் கால்பெர்ஸிலும் சாதாரண நோய்க்கு ஐந்து வருடம். ஆகவே தனியாரிலிருந்து வருபவருக்குப் பழைய உரிமை தேயும் நேரத்தில் புதிய உரிமை பிறக்கிறது, ஓரளவு ஒட்டிப்போகும். கல்லூரி முடித்து நேராகப் பள்ளியில் சேரும் இருபத்துநாலு வயதுப் பெண்ணுக்கோ முதல் ஐந்து வருடம் இரண்டுமே இல்லை. அவருக்கு லாங் டேர்ம் பாலிசி ஒன்றுதான் கூரை. வயதின் காரணமாக அவருக்குத்தான் பிரீமியமும் குறைவு.

2025 ஜனவரியில் கையெழுத்தான சோஷியல் செக்யூரிட்டி நியாயச் சட்டம் இதைச் சரிசெய்துவிட்டதா என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. தனி பென்ஷன் வாங்குபவர்களின் சோஷியல் செக்யூரிட்டித் தொகையைக் குறைத்துவந்த இரண்டு விதிகளை அது நீக்கியது. எஸ்.எஸ்.டி.ஐ.க்கான கிரெடிட் கணக்கை அது தொடவில்லை.

60 சதவீதம் என்று சேர்ந்தேன். கைக்கு வருவது அதைவிட மிகவும் குறைகிறதே?

அதற்குப் பெயர் ஆஃப்செட். பாலிசி உங்களுக்கு வாக்குக் கொடுத்தது எல்லா வழியிலும் சேர்த்து 60 சதவீதம். வேறு எங்கிருந்தாவது பணம் வந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும். எஸ்.எஸ்.டி.ஐ., வேலையிடக் காயத்துக்கான நஷ்டஈடு, பென்ஷன் அமைப்பின் டிஸபிலிட்டி ஓய்வூதியம் எல்லாமே கழிக்கப்படும். உங்கள் முடக்கத்தின் காரணமாகப் பிள்ளைகள் பெயரில் வரும் சோஷியல் செக்யூரிட்டித் தொகையையும் பல பாலிசிகள் கழிக்கும்.

மாதம் 6,000 டாலர் சம்பளம் என்றால் லாங் டேர்ம் 3,600. எஸ்.எஸ்.டி.ஐ. 2,200 வந்தால் கம்பெனி தருவது 1,400. எல்லாவற்றையும் கழித்து ஒன்றுமே மிஞ்சாவிட்டாலும் குறைந்தபட்சத் தொகை என்று 100 டாலரோ 10 சதவீதமோ தரும் பாலிசிகள் உண்டு.

சங்கடம் வருவது பின்தேதியிட்ட பணத்தில். எஸ்.எஸ்.டி.ஐ. முடிவாக மாதக்கணக்காகும். அதுவரை கம்பெனி 3,600 முழுதாகத் தரும். பத்து மாதம் கழித்து 22,000 டாலர் ஒரே தவணையாக உங்கள் வங்கிக் கணக்கில் விழும்போது அது உங்கள் பணம் அல்ல. கம்பெனி திருப்பிக் கேட்கும், கேட்க உரிமையும் உண்டு. வக்கீல் வைத்திருந்தால் அவர் ஃபீஸைக் கழித்துக்கொண்டு மீதியைக் கேட்பதுதான் வழக்கம். அந்தப் பணத்தில் காரை மாற்றிவிட்டு, பிறகு மாத உதவி முழுவதையும் கம்பெனி பிடித்துவைத்துக்கொள்ளும் நிலைக்குப் போகாதீர்கள்.

கர்ப்பமாக இருக்கும்போது சேர்ந்தால் பிரசவத்துக்குப் பணம் கிடைக்குமா?

சாதாரணப் பிரசவம் என்றால் ஆறு வாரம், சிசேரியன் என்றால் எட்டு வாரம் என்று ஷார்ட் டேர்ம் பாலிசிகள் கணக்கு வைக்கின்றன. இதில் காத்திருப்புக் காலம் கழியும். 14 நாள் காத்திருப்பு உள்ள பாலிசியில் ஆறு வாரத்துக்குக் கையில் கிடைப்பது நான்கு வாரப் பணம். குழந்தையோடு வீட்டில் இருக்க விரும்பும் மீதி வாரங்களுக்கு இது பணம் தராது, ஏனென்றால் அது நோய் அல்ல.

ஏற்கெனவே கர்ப்பமாக இருக்கும்போது சேர்ந்தால், முன்பிருந்த உடல்நிலை என்று சொல்லி மறுக்க வழி உண்டு. பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு: கோடை விடுமுறையில் விழும் வாரங்களுக்குப் பணம் தராத பாலிசிகள் இருக்கின்றன. கலிஃபோர்னியா ஆசிரியருக்கு வேறொரு சலுகை உண்டு. சிக் லீவ் தீர்ந்தபின் ஐந்து பள்ளி மாதம் வரை, மாற்று ஆசிரியருக்குக் கொடுத்தது போக மீதச் சம்பளம் தர வேண்டும் என்று அந்த மாநிலக் கல்விச் சட்டத்திலேயே இருக்கிறது.

முன்பிருந்த நோய் என்றால் எவ்வளவு பின்னோக்கிப் பார்ப்பார்கள்?

பாலிசியில் 3/12 என்றோ 12/12 என்றோ இருக்கும். முதல் எண், காப்பீடு தொடங்குவதற்கு முன் எத்தனை மாத மருத்துவப் பதிவுகளைத் தோண்டுவார்கள் என்பது. இரண்டாவது எண், அந்த நோயால் எத்தனை மாதத்துக்குள் முடங்கினால் பணம் மறுக்கப்படும் என்பது. 3/12 பாலிசியில் சேர்வதற்கு முந்தைய மூன்று மாதத்தில் முதுகு வலிக்கு டாக்டரைப் பார்த்திருந்து, சேர்ந்த ஒரு வருடத்துக்குள் அதே முதுகால் படுத்துவிட்டால் கிடைக்காது. பதிமூன்றாம் மாதம் படுத்தால் கிடைக்கும்.

எப்போது சேர்வது நல்லது?

வேலையில் சேர்ந்த முதல் 30 அல்லது 31 நாளுக்குள். அந்தச் சமயத்தில் மருத்துவக் கேள்வி எதுவும் கேட்காமல் சேர்த்துக்கொள்வார்கள். தவறவிட்டால் அடுத்த ஓப்பன் என்ரோல்மென்ட்டில் உடல்நலக் கேள்வித்தாள் வரும். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருப்பவருக்கு மறுப்பும் வரலாம். சேரும் வாரத்தில் ஹெல்த், டென்டல், பென்ஷன் என்று இருபது பக்கங்களை நிரப்பும் அலுப்பில் இந்தக் கட்டத்தை வெறுமனே தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம்.

பிரீமியத்தை வரிக்கு முன் கட்டுவதா, வரிக்குப் பின் கட்டுவதா?

தேர்வு உங்களிடம் இருந்தால் வரிக்குப் பின். நீங்கள் வரி கட்டிய பணத்தில் பிரீமியம் கட்டியிருந்தால் வரும் உதவித்தொகைக்கு வருமான வரி இல்லை. அலுவலகம் கட்டியிருந்தாலோ, வரிக்கு முன் பிடித்திருந்தாலோ முழுவதற்கும் வரி. இருவரும் பகிர்ந்து கட்டினால் அந்த விகிதத்தில். மாதம் சில டாலர் வரி மிச்சம் பிடிக்கப் போய், நோய்ப்படுக்கையில் 3,600-க்கு வரி கட்டுவது புத்திசாலித்தனம் இல்லை.

இரண்டு வருடம் பணம் வந்தது, திடீரென்று நிறுத்திவிட்டார்கள். ஏன்?

பெரும்பாலான லாங் டேர்ம் பாலிசிகளில் முதல் 24 மாதம் ‘உங்கள் சொந்த வேலையைச் செய்ய முடியுமா’ என்று பார்ப்பார்கள். அதன்பின் ‘உங்கள் படிப்புக்கும் அனுபவத்துக்கும் ஏற்ற எந்த வேலையையாவது செய்ய முடியுமா’ என்று மாறும். அறுவைச் சிகிச்சை அறையில் நிற்க முடியாத நர்ஸ், உட்கார்ந்து தொலைபேசியில் ஆலோசனை சொல்லும் வேலை செய்யலாமே என்று எழுதிவிடுவார்கள். இருபதாவது மாதம் வாக்கிலேயே கம்பெனியிடமிருந்து புதிய படிவங்களும் தொலைபேசி நேர்காணலும் வரத் தொடங்கும். நலம் விசாரிக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம்; இந்த மாற்றத்துக்கான கோப்பு தயாராகிறது.

மன அழுத்தம், மனப் பதற்றம் போன்றவற்றுக்கு 24 மாத வரம்பு தனியாக உண்டு. ஹெல்த் இன்ஷூரன்ஸில் மனநோயையும் உடல்நோயையும் சமமாக நடத்தச் சொல்லும் ஃபெடரல் சட்டம் டிஸபிலிட்டி பாலிசிக்குப் பொருந்தாது. புற்றுநோயோ பக்கவாதமோ வந்து அதன் கூடவே மனச்சோர்வும் வந்தவர், டாக்டரின் குறிப்புகளில் உடல் சார்ந்த காரணம் முதலில் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

டாக்டர் சர்டிஃபிகேட் கொடுத்தும் போதவில்லை என்கிறார்களே?

நோயின் பெயர் மட்டும் போதாது. எவ்வளவு நேரம் உட்கார முடியும், எத்தனை கிலோ தூக்க முடியும், எத்தனை மணி நேரம் கவனம் நிற்கும் என்று எழுத வேண்டும். ‘வேலை செய்ய இயலாது’ என்ற ஒற்றை வரியைக் கம்பெனியின் டாக்டர் ஒற்றை வரியில் மறுத்துவிடுவார்.

நம்மவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. டாக்டர் எப்படி இருக்கிறீர்கள் என்றதும் “பரவாயில்லை, சமாளிக்கிறேன்” என்போம். அது மரியாதை. ஆனால் ‘நோயாளி முன்னேறியிருப்பதாகச் சொல்கிறார்’ என்று அது கணினியில் ஏறும். ஆறு மாதம் கழித்து மறுப்புக் கடிதத்தில் மேற்கோளாகத் திரும்பி வரும். டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கொலு வைத்த படத்தையும் கல்யாண வீட்டு வீடியோவையும் ஃபேஸ்புக்கில் ஏற்றுவதற்கு முன்பும் யோசியுங்கள், கம்பெனிகள் அதையும் பார்க்கின்றன.

கிளெய்மை மறுத்துவிட்டார்கள். அடுத்து என்ன?

இணையத்தில் தேடினால் “180 நாளுக்குள் அப்பீல்” என்று எல்லா வக்கீல்களும் எழுதியிருப்பார்கள். அது தனியார் கம்பெனிகளின் ஊழியர் திட்டங்களுக்கான எரிசா என்ற 1974-ஆம் வருடச் சட்டப்படி. அரசு அமைப்புகள் தம் ஊழியர்களுக்கு நடத்தும் திட்டங்களை எரிசா தொடாது. சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. ஆகவே உங்கள் கெடு உங்கள் பாலிசியிலோ மாநில விதியிலோ எழுதியிருப்பதுதான். அது 180 நாளைவிடக் குறைவாகவும் இருக்கலாம்.

இதில் நன்மையும் உண்டு. எரிசா வழக்கில் ஜூரி கிடையாது, தண்டனை நஷ்டஈடும் கிடையாது, நீதிபதி பழைய கோப்பை மட்டும் புரட்டித் தீர்ப்புச் சொல்வார். எரிசாவுக்கு வெளியே இருக்கும் அரசு ஊழியர், இன்ஷூரன்ஸ் கம்பெனி மேல் மாநில ஒப்பந்தச் சட்டப்படி வழக்குப் போடலாம், ஜூரி கேட்கலாம், பல மாநிலங்களில் கெட்ட எண்ணத்தோடு மறுத்தார்கள் என்று கூடுதல் நஷ்டஈடும் கேட்கலாம். ஆனால் மாநில அரசே சொந்த நிதியிலிருந்து நடத்தும் திட்டமாக இருந்தால் பாதை வேறு. அங்கே நிர்வாக விசாரணை, குறுகிய கெடு, அதன்பின்தான் நீதிமன்றம்.

முதல் வேலையாக மறுப்புக் கடிதத்தின் தேதியைக் குறித்துவைத்து, முழுக் கிளெய்ம் கோப்பையும் மூலப் பாலிசியையும் எழுத்தில் கேளுங்கள். ஹெச்.ஆர். கொடுக்கும் நாலு பக்க வண்ணக் கையேடு பாலிசி அல்ல. மூலப் பாலிசியைத் தரத் தயங்கினால், அரசு அலுவலகம் செய்துகொண்ட ஒப்பந்தம் என்பதால் பொதுவாக மாநிலப் பொது ஆவணச் சட்டப்படியே கேட்டு வாங்கலாம். தனியார் ஊழியருக்கு இந்த வழி இல்லை. எரிசா இல்லாத வழக்குகளை நடத்திய வக்கீலாகத் தேடுங்கள்.

டிஸபிலிட்டி பணம் வருகிறது என்றால் வேலையும் பத்திரம்தானே?

இல்லை. பணம் வேறு, வேலை வேறு. வேலையைக் காப்பது எஃப்.எம்.எல்.ஏ. சட்டம்: 12 மாதம் வேலை, 1,250 மணி நேரம் என்ற தகுதி இருந்தால் 12 வாரம் சம்பளமில்லா விடுப்பு. மாநில அரசு ஊழியருக்கு இதிலும் ஒரு ஓட்டை. சொந்த நோய்க்கான விடுப்பை மறுத்த மாநில அரசின் மேல் நஷ்டஈடு வழக்குப் போட முடியாது என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் மேரிலாந்து வழக்கொன்றில் சொல்லிவிட்டது. கவுண்ட்டிக்கும் நகராட்சிக்கும் வழக்கிலிருந்து தப்பும் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

12 வாரத்துக்குப் பின் ஹெல்த் இன்ஷூரன்ஸ் பற்றியும் யோசிக்க வேண்டும். வேலை போனால் கோப்ரா முறையில் 18 மாதம் சொந்தப் பணத்தில் தொடரலாம். கோப்ரா தொடங்கிய 60 நாளுக்குள் முடங்கியிருந்ததாக சோஷியல் செக்யூரிட்டி முடிவு செய்து, அதை உரிய காலத்தில் திட்டத்துக்குத் தெரிவித்தால் 29 மாதம். எஸ்.எஸ்.டி.ஐ.க்கு ஐந்து மாதக் காத்திருப்பு, அதன்பின் 24 மாதம் கழித்து மெடிகேர்; கூட்டினால் அதே 29.

நான் ஃபெடரல் ஊழியர். எனக்கு எந்தப் பாலிசி?

அலுவலகம் தரும் ஷார்ட் டேர்மும் இல்லை, லாங் டேர்மும் இல்லை. சிக் லீவ் இருக்கிறது; தீர்ந்தால் 240 மணி நேரம் வரை முன்கடனாகக் கேட்கலாம், சக ஊழியர்கள் நன்கொடையாகத் தரும் விடுப்பையும் வாங்கலாம்.

அதற்கு அப்பால் ஃபெர்ஸ் டிஸபிலிட்டி ரிடயர்மென்ட். 18 மாத சர்வீஸ் போதும். முதல் 12 மாதம் உங்கள் உயர்ந்த மூன்று வருடச் சராசரிச் சம்பளத்தில் 60 சதவீதம், எஸ்.எஸ்.டி.ஐ. முழுவதும் கழித்து. அதன்பின் 62 வயது வரை 40 சதவீதம், எஸ்.எஸ்.டி.ஐ.யில் 60 சதவீதம் கழித்து. சராசரி 90,000 டாலர் என்றால் முதல் வருடம் 54,000, பிறகு 36,000, கழிவுகளுக்கு முன். எஸ்.எஸ்.டி.ஐ.க்கும் விண்ணப்பித்தே ஆக வேண்டும். வேலையை விட்ட ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்காவிட்டால், மனநிலை காரணமாக இயலாமல் போனது போன்ற அபூர்வ விலக்கு தவிர, உரிமை போய்விடும். உடம்பு முடியாமல் ராஜினாமா செய்துவிட்டு இரண்டு வருடம் கழித்து இதைக் கேள்விப்படுகிறவர்களுக்குச் சொல்ல பதில் இல்லை.

மாநில பென்ஷனில் இருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை: டிஸபிலிட்டி விண்ணப்பம் முடியும் வரை பென்ஷனில் கட்டிய பணத்தைத் திரும்ப எடுக்காதீர்கள். எடுத்தால் உறுப்பினர் உரிமை முடிந்தது, டிஸபிலிட்டி ஓய்வூதியமும் அதோடு முடிந்தது.

எச்-1பி-யில் அரசுப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறேன். நீண்ட விடுப்பில் போனால் ஸ்டேட்டஸ் என்னாகும்?

உங்கள் சொந்த நோய்க்காகவோ பிரசவத்துக்காகவோ எடுக்கும் விடுப்பில் சம்பளம் இல்லாமல் இருப்பதை லேபர் டிபார்ட்மென்ட் விதிகள் அனுமதிக்கின்றன. வேலை உறவு நீடிக்கும் வரை ஸ்டேட்டஸும் நீடிக்கும். விடுப்பின் காரணமும் தேதிகளும் ஹெச்.ஆர். கடிதத்தில் இருக்கட்டும், பின்னால் கேட்பார்கள்.

வேலை முடிந்துவிட்டால் 60 நாள் அவகாசம்தான். காப்பீடு அமலில் இருக்கும்போது முடங்கியிருந்தால் லாங் டேர்ம் பணம் வேலை போன பின்னும் பொதுவாகத் தொடரும், ஆனால் அந்தப் பணம் உங்களுக்கு இங்கே இருக்கும் உரிமையைத் தராது.

ஊருக்குப் போய் அம்மா வீட்டில் இருந்து உடம்பைத் தேற்றிக்கொள்ளலாமா?

போவதற்கு முன் பாலிசியில் வெளிநாட்டு வாசம் பற்றிய பத்தியைத் தேடிப் படியுங்கள். அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் வெளியே ஒரு வருடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் பணத்தை நிறுத்தும் பாலிசிகள் பல. ஒரு மாதம் போவதானாலும் கிளெய்ம் பார்க்கும் அதிகாரிக்கு மின்னஞ்சலில் சொல்லிவிட்டுப் போங்கள். அங்கே பார்க்கும் டாக்டரின் குறிப்புகளை ஆங்கிலத்தில், தேதியும் முத்திரையுமாக வாங்கி வையுங்கள். சிகிச்சை தொடர்ந்து நடக்கிறது என்று காட்டாவிட்டால் அதையே காரணமாக வைத்து நிறுத்துவார்கள். இந்தியாவில் வேலை செய்த வருடங்களை சோஷியல் செக்யூரிட்டி கிரெடிட்டோடு சேர்க்க முடியாது, இரு நாட்டுக்கும் இடையே அப்படி ஒப்பந்தம் இல்லை.

கிளெய்ம் நடக்கும்போதும் பிரீமியம் கட்ட வேண்டுமா?

லாங் டேர்ம் பணம் வரத் தொடங்கியதும் அதன் பிரீமியத்தைப் பொதுவாகத் தள்ளுபடி செய்வார்கள். காத்திருப்புக் காலத்தில் கட்டியாக வேண்டும். சம்பளம் நின்றிருக்கும் அந்த மாதங்களில் தானாகப் பிடித்தம் நடக்காது என்பதால், ஹெச்.ஆரிடம் கேட்டு நேரடியாகக் கட்டிவிடுங்கள்.